சுவரில் மாட்ட ஒரு துவக்கு

போன மாசம் ஒரு ராத்திரி, நண்பன் ஒருவனிடமிருந்து வட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. ரெண்டு நீட்டுத் துவக்கு, ஒரு சோடிக் கைத்துப்பாக்கி. பித்தளைப் பூண், பளபளன்னு வார்னிஷ் அடித்த மரக்கட்டை, மேலே சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விப் பிடித்த இரும்பு அலகு. கீழே ஒரு வரி: “மச்சான், ஒன் கனடா அண்ணன்கிட்ட கேட்டு இத எடுக்க ஏலுமா? ஹால்ல பயர்பிளேஸுக்கு மேல மாட்டப் போறேன்.”

ஆள் இரத்தோட்டைப் பக்கம் ஒரு பழைய தொரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து ஹோம்ஸ்டே நடத்துறான். நல்ல உழைப்பாளி. அவங்க தாத்தா அதே பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். பேரன் இன்றைக்கு முன்வாசலால் போய் சாவியைக் கையில் வைத்திருக்கிறான். எனக்கு அதில் பெருமைதான். அதனால இந்தக் கட்டுரையை அவனைத் திட்டுறதுக்காக எழுதுறேன்னு யாரும் நினைக்க வேண்டாம். அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதுறேன்.

“வெடிக்காதுடா, சும்மா ஷோவுக்கு”ன்னும் சொல்லியிருந்தான். அந்த ஒரு வரிதான் என்னை ரெண்டு நாள் தூங்க விடல.

முதல்ல ஒன்றை ஒத்துக்கொள்ளணும். எனக்கும் இந்தச் சாமான் மேல ஆசை உண்டு. யூடியூப்பில் இந்தப் பழைய துவக்கைச் சுடுற வீடியோக்களை மணிக்கணக்கா பார்த்தவன் நான். அதோட வேலை அவ்வளவு அழகு. விசையை இழுத்தா கல் பாய்ந்து வந்து எஃகுத் தகட்டில் உரசும். தகடு பின்னால் சாய, அடியில் இருக்கிற சின்னக் கிண்ணம் திறக்கும். பொறி கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ குழலின் பக்கத்தில் இருக்கிற ஊசித் துளை வழியா உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். கல் மழுங்கினாலும், தகடு மென்மையா இருந்தாலும், மழை தூறினாலும் எல்லாம் கெட்டுப் போகும். நல்லாப் பழகிய சிப்பாய்க்கே நிமிஷத்துக்கு மூணு வெடிதான். பேட்டரி இல்லை, சிப் இல்லை. ஒரு கல்லும் ஒரு ஸ்பிரிங்கும்.

வன்னிப் பக்கம் வாய் வழியா மருந்து இடித்து நிரப்புற துவக்குக்கு ‘இடியன்’னு பேர். இடித்து நிரப்புறதால இடியன். இவ்வளவு பொருத்தமான பேரை எந்தக் கம்பெனியும் வைக்கல.

அவன் அனுப்பின படத்தில் இருந்த நீட்டுத் துவக்கு ‘பிரவுன் பெஸ்’ என்று செல்லப் பேர் வாங்கிய பிரிட்டிஷ் படைத் துவக்கோட நகல். நாலு கிலோவுக்கு மேல் எடை, கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் வாய். அதிலேயும் ‘இந்தியா பெற்றன்’ என்கிற வகை. பேர்க் காரணம் வேடிக்கையானது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்தப் படைகளுக்காக மலிவாகவும் சுருக்கமாகவும் செய்யச் சொன்ன மாதிரி அது. பிரான்ஸோட சண்டை வந்து துவக்கு பத்தாமல் போனதும் 1790களில் பிரிட்டிஷ் ராணுவமே அதை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இங்கிலாந்தில் செய்து இந்தியாவுக்கு வந்த சாமானை, இன்றைக்கு இந்தியப் பட்டறைகளில் செய்து இங்கிலாந்து, அமெரிக்கா, கனடாவுக்கு ஏற்றுமதி பண்றாங்க. பழைய போர்களை வேஷம் போட்டு நடித்துக் காட்டுற குழுக்கள்தான் பெரிய வாடிக்கை. இத்தாலியில் செய்கிற நகல் விலை கூட. இந்திய நகல் அதை விட ரொம்ப மலிவு. இதில் ஒரு சரித்திர நையாண்டி இருக்கு, ஆனா அதை ரசிக்கிறதோட நான் நிறுத்திக்கிறேன்.

இப்ப அந்த ‘வெடிக்காது’.

இந்திய நகல்களில் நிறைய, நான் சொன்ன அந்த ஊசித் துளை போடாமலே விற்கப்படுது. துளை இல்லைன்னா கிண்ணத்துத் தீ உள்ளே போகாது. அதனால காகிதத்தில் அது காட்சிப்பொருள். சுங்கத்தைத் தாண்ட இது வசதி. மற்றபடி குழல் குழல்தான், பூட்டு பூட்டுதான். காட்சிப்பொருளுக்கும் துவக்குக்கும் நடுவில் இருக்கிறது ஒரு துரப்பண ஊசியோட வேலை. விற்கிறவனுக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும். இதில் இன்னொரு பக்கமும் இருக்கு. இங்கிலாந்தில் சுடுகிற துவக்கை விற்கிறதுக்கு முன்னாடி பேர்மிங்ஹாம், லண்டன் சோதனை நிலையங்களில் அளவுக்கு அதிகமா மருந்து போட்டு வெடிக்க வைத்துப் பார்த்து முத்திரை குத்துறது வழக்கம். காட்சிப்பொருளா வர்ற குழலுக்கு அந்தச் சோதனை கிடையாது. யாரோ துளை போட்டு மருந்தும் நிரப்பினா, குழல் தாங்குமா தாங்காதாங்கிறதை முதல் வெடிதான் சொல்லும்.

ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி. அமெரிக்காவில் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வகைப் பழைய பூட்டுத் துவக்குகளையும் அவற்றின் நகல்களையும் ‘பழம்பொருள்’ என்று தனியா ஒதுக்கி வைக்குது. மத்திய சட்டப்படி அது துப்பாக்கியே இல்லை, தபாலில் வாங்கலாம். கனடாவில் நீட்டுத் துவக்கு நகலுக்குச் சலுகை உண்டு, சுடக்கூடிய கைத்துப்பாக்கி நகலுக்கு இல்லை. இங்கிலாந்தில் சுடக்கூடியதுன்னா சான்றிதழ் வேணும். ஆக எங்க அண்ணன் ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஒரு கிளிக்கில் வாங்கக்கூடிய சாமான்தான் அது. ஆனா அது வந்து இறங்கப் போறது மாத்தளையில். இங்கே 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டம் இருக்கு, 1996இல் அதற்குத் தண்டனையைக் கடுமையாக்கின திருத்தம் இருக்கு. வாய் வழியா நிரப்புற துவக்கு இந்த நாட்டில் பழம்பொருள் இல்லை. அது இன்றைக்கும் பயிர் காக்க அனுமதி வாங்கி வைத்திருக்கிற துவக்கு. அனுமதி இல்லாதவன் வீட்டில் இருந்தா, மறுநாள் பத்திரிகையில் ஆறாம் பக்கத்தில் ‘உள்ளூர்த் தயாரிப்புத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது’. இந்தச் செய்தியைப் படிக்காத கிழமை உண்டா? பாதுகாப்பு அமைச்சு, சுங்கம், பொலிஸ் மூணு இடத்திலும் எழுத்தில் வாங்காமல் இதை ஒரு பார்சலில் இறக்கிட்டு, “ரெப்லிகா சேர்”ன்னு சோதனைச்சாவடியில் சிங்களத்தில் விளக்கிக்கொண்டு நிற்கிற ஒரு மலையகப் பெடியனை எனக்குக் கற்பனை பண்ணிப் பார்க்கப் பிடிக்கல.

சரி, சட்டத்தைச் சரிக்கட்டலாம். அனுமதி வாங்கலாம், குழலுக்குள் ஈயம் ஊற்றி அடைக்கலாம். என் மறுப்பு அதோட முடியல.

எங்க பெரியப்பாவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான் நாலாம் வகுப்பு படிக்கிறப்ப நடந்தது. தோட்டத்து எல்லையில் கோப்பிக்காடு மாதிரி வளர்ந்து கிடந்த ஒரு துண்டு நிலம், அதுக்கு அந்தப்பக்கம் மிளகும் மரவள்ளியும் போட்ட கிராமத்துக் காணி. விறகு பொறுக்கப் போனவர் காலில் ஒரு கம்பி தட்டியிருக்கு. கட்டுத்துவக்கு. பன்னிக்கு வைத்தது. பன்னியோட நெஞ்சு உயரத்துக்குக் கட்டினா, அது மனுஷனுக்கு முழங்கால் உயரம். இந்த நாட்டில் கட்டுத்துவக்குக் காயம்னு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குக் காலில்தான் அடி. அதற்கு இந்தக் கணக்குதான் காரணம். யார் வைத்தாங்கன்னு எங்களுக்கும் தெரியும், வைத்தவருக்கும் தெரியும். அவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு பை நிறைய வாழைப்பழம் கொண்டு வந்து பெரியம்மா காலடியில் வைத்துட்டு அழுதுட்டுப் போனார். முறைப்பாடு எழுதல. பெரியப்பாதான் வேணாம்னார். “அந்த ஆளுக்கும் மூணு புள்ள. பன்னி வருஷம் முழுக்க நாசம் பண்ணினா அவரு என்னா செய்வாரு?”

நான் துவக்குக்கு வக்காலத்து வாங்கல. கட்டுத்துவக்கு கொடுமையானது. பன்னியா, புள்ளையா, பசுமாடான்னு அதுக்குத் தெரியாது. ஆனா அது ஏன் மலைப்பக்கம் ஒழியாம இருக்குன்னு கேட்டாகணும். பயிர் காக்கத் துவக்குக்கு அனுமதி கேட்கணும்னா முதலில் காணியைக் காட்டணும். கிராமத்தில் பாதிப் பேருக்கு ஒழுங்கான உறுதி இல்லை. லயத்தில் இருக்கிற நம்மாளுக்கு, வாசலுக்கு முன்னால இருக்கிற மரக்கறிப் பாத்தியே தோட்டத்துக்குச் சொந்தம். எந்தக் காணியைக் காட்டுறது? பன்னி மட்டும் உறுதி பார்த்து மேயுறது இல்லை. முறையான வழி அடைபட்ட இடத்தில் கள்ளத் துவக்கு முளைக்குது. அதுக்கு ஒருத்தர் கால் போகுது, வைத்தவர் ஜெயிலுக்குப் போறார். அதே வாய்வழித் துவக்கு, இந்தப் பக்கம் தகரமும் குழாயுமா இருந்தா குற்றம், அந்தப் பக்கம் வார்னிஷ் அடித்து டொலரில் வந்தா அலங்காரம்.

நண்பன் அனுப்பின படத்தைப் பெரியப்பாகிட்ட காட்டினேன். போனைக் கொஞ்ச தூரமா பிடித்துப் பார்த்தார். “நல்ல மரம்”ன்னார். அப்புறம் பெரிதாக்கி விசைப்பக்கம் பார்த்தார். “இதுல கம்பிய எங்க கட்டுவாங்க?”ன்னு கேட்டார்.

இதை நண்பனுக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். அவனோட பதில் நியாயமானதுதான்: “அது வேற துவக்கு, இது வேற மச்சான். இது ஹிஸ்ட்ரி. டூரிஸ்ட் காரன் மாத்தளைக்கு வர்றதே ஹிஸ்ட்ரிக்குத்தானே?”

அப்ப ஹிஸ்ட்ரியையே பேசுவோம். மாத்தளையில் இதைப் பேசாம வேறெங்க பேசுறது!

1848. கோப்பி விலை விழுந்து அரசாங்கத்துக்குக் காசில்லை. தேசாதிபதி டொரிங்டன் புது வரிகளைக் கொண்டு வந்தார். ஜூலை 1ஆம் தேதியிலிருந்து கடைக்கு, வண்டிக்கு, நாய்க்கு அனுமதிக் கட்டணம். துவக்குக்கும். ரோட்டு வேலைக்குக் கட்டாய உழைப்பு, இல்லைன்னா காசு. கண்டிச் சீமைக் குடியானவனுக்குத் துவக்கும் நாயும் எதுக்கு? சேனைக்கு வர்ற பன்னியை விரட்ட. அதாவது மண்வெட்டிக்கு வரி போட்ட மாதிரி. ஜூலை 26 தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினாங்க. 28ஆம் தேதி கூட்டம் மாத்தளைக்குள்ள இறங்கி கச்சேரியை அடித்து நொறுக்கினது. பத்து நாளைக்குள்ள எல்லாம் அடங்கிப் போச்சு. மொறட்டுவையிலிருந்து வந்து சேர்ந்த புரன் அப்புவை ஆகஸ்ட் 8 கண்டி போகம்பறையில் சுட்டாங்க. குடாப்பொல தேரரைக் காவியோடயே சுட்டாங்க. பண்டாவை செப்டம்பரில் எல்கடுவையில் பிடித்தாங்க. நம்ம எல்கடுவதான், பஸ் போகுதே, அதே ஊர். கசையடி கொடுத்து மலாக்காவுக்கு நாடு கடத்தினாங்க, அங்கேயே 1849இல் செத்தார்.

துவக்கு வரியும் ஒரு காரணமாகி வெடித்த கலகத்தோட ஊர் இது. இந்த ஊரில் ஒரு சுவரில், அந்தக் குடியானவனோட துவக்கை இல்லை, அவனைச் சுட்ட பட்டாளத்துத் துவக்கை மாட்டி அதுக்குப் பேர் ‘ஹிஸ்ட்ரி’ன்னா, யாரோட ஹிஸ்ட்ரி? 1803இல் மக்டோவல் என்கிற ஜெனரல் கண்டி மேல படையெடுத்து வந்தப்ப மாத்தளையில் தன் பேரில் ஒரு கோட்டை போட்டார். அந்த வருஷமே கண்டியில் பிரிட்டிஷ் படை நாசமாகி, இங்கே இருந்தவங்க திருகோணமலைக்குப் பின்வாங்கினாங்க. அந்தக் கோட்டை இன்றைக்குச் சுடுகாடு. பிரவுன் பெஸ்ஸை மாத்தளையில் எங்கேயாவது வைக்கணும்னா அதுதான் பொருத்தமான இடம்னு நண்பனுக்கு எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினான்.

நம்மாளுங்க இந்தக் கதையில் எங்கே இருந்தாங்க? 1848இல் கோப்பித் தோட்டங்களில். மன்னாரில் இறங்கி, காட்டு வழியா தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த ரோடு அது. வழியில செத்தவங்களுக்குக் கணக்கே ஒழுங்கா இல்லை. 2023இல் ‘மலையகம் 200’ நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்து முடிந்தது அதனாலதான். கலகக்காரங்க கோப்பித் தோட்டங்களைத் தாக்கினப்ப அங்கே லயத்தில் இருந்தது துரை மட்டும் இல்லை. கலகக்காரன் கையில் ஒரு துவக்கு, பட்டாளத்துக்காரன் கையில் ஒரு துவக்கு, நடுவில் கூடையோட நம்ம பாட்டன் பூட்டன். அவங்க கையில் எதுவும் இல்லை. அவங்களைப் பற்றி ரெண்டு பக்கத்துப் புத்தகத்திலும் ஒரு வரிக்கு மேல் தேட வேண்டியிருக்கு. இப்ப அந்தத் தோட்டக்காரரோட பேரன் சுவரில் எதை மாட்டுறாங்கிறது எனக்கு அதனாலதான் பெரிய விஷயமாப் படுது.

துவக்குன்னா வெள்ளைக்காரன் கொண்டு வந்த சாமான்னு நினைக்கிறதே தப்பு. போர்த்துக்கேயன் வந்த கொஞ்ச காலத்திலேயே இந்தத் தீவின் கொல்லர்கள் அதைக் கற்றுக்கொண்டு, சொந்த மாதிரி ஒன்றை உருவாக்கினாங்க. மிச்சம் இருக்கிற சிங்களத் துவக்குகள் நிறையவற்றில் பூட்டு இடது பக்கம் இருக்கும். ஐரோப்பியத் துவக்கில் வலது பக்கம். அடிக்கட்டை நேரா இருக்காது, பெரணி இலை சுருண்ட மாதிரி வளைந்து பிரியும். தந்தமும் வெள்ளியும் பதித்திருப்பாங்க. அதில் பல ஐரோப்பா, அமெரிக்கா அருங்காட்சியகங்களில் இருக்கு. 2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருளைத் திருப்பிக் கொடுத்ததே, நினைவிருக்கா? 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையில் கொள்ளையடித்தது. லெவ்கே திசாவை அரசனுக்குக் கொடுத்த, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அந்தக் குட்டிப் பீரங்கியைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்தாங்க. அதோட ரெண்டு பெரிய துவக்கும் வந்தது. இப்ப கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கு. உண்மையான துவக்கு 258 வருஷம் கழித்து வீட்டுக்கு வருது, நாம டொலர் கட்டி அடுத்தவனோட நகலை இறக்குறோம்.

“அப்ப சுவரை வெறுமையா விடச் சொல்றியா?” என்றான்.

இல்லை. மாத்தளையிலேயே ஹாபுவிட அரக்கு வேலை இருக்கு. அரக்கைச் சூடாக்கி, நூல் மாதிரி இழுத்து, நகத்தாலயே கிள்ளிக் கிள்ளிக் கோலம் போடுவாங்க. ஒரு காலத்தில் ஈட்டிக் கம்புக்கும் கொடிக் கம்புக்கும் அந்த வேலைதான் செய்தாங்க. பைத்தியம் பிடிக்க வைக்கிற சிவப்பும் மஞ்சளும். இன்னும் செய்யிறவங்க கொஞ்சப் பேர்தான். துவக்குதான் வேணும்னா, நல்ல தச்சனைப் பிடித்து இடது பக்கப் பூட்டு வைத்த கண்டித் துவக்கு ஒன்றை முழுக்க மரத்திலேயே செதுக்கலாம். குழல்கூட மரம். பக்கத்தில் மூணு மொழியிலும் 1848 துவக்கு வரியைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கலாம். இன்னொரு பக்கம் அவங்க தாத்தாவோட கவ்வாத்துக் கத்தி. அது இன்னும் வீட்டில் இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கேன்.

வியாபாரம் கெட்டுப் போகும்னு அவன் பயப்படுறான். எனக்கு அப்படித் தோணல. காலனி காலத்து பங்களா, காலனி காலத்து நாற்காலி, காலனி காலத்துத் துவக்கு, இது நுவரெலியாவிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ஐம்பது இடத்தில் கிடைக்கும். தோட்டக்காரரோட பேரன் தன் வாயால சொல்ற கதை அவன் ஒருத்தன்கிட்ட மட்டும்தான் கிடைக்கும்.

கடைசியா வந்த தகவல்: கைத்துப்பாக்கி சோடியை வேணாம்னுட்டான். நீட்டுத் துவக்கு ரெண்டும் இன்னும் அவனோட லிஸ்டில்தான் இருக்கு. “யோசிக்கிறேன்”ன்னு சொல்றான். வர்ற ஞாயிறு இரத்தோட்டைக்குப் போறேன். பெரியப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார். பங்களாவுக்கு ஏறுற படிக்கட்டில் கைப்பிடி இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னார்.